அந்நியபாஷை இன்றைக்கும் உண்டா? தங்கைக்காகக் கேட்ட தம்பிக்கு

தம்பியின் கேள்வி இதுதான். குடும்பம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). தங்கை கல்யாணமாகிப் போன வீட்டார் பெந்தெகொஸ்தே சபை. அங்கே ஞானஸ்நானம் எடுத்து ஒன்றரை வருஷமாகியும் அவளுக்கு அந்நியபாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் தனக்கே தெரியாத பாஷையில் ஜெபிக்கும் வரம், வரவில்லை. "இன்னும் ஆவியின் அபிஷேகம் பெறவில்லை" என்று மாமியாரும் போதகரும் சொல்லிச் சொல்லி, தன்னிடம் ஏதோ மறைவான பாவம் இருக்கிறதோ என்று அவள் அழுகிறாள். இன்னொரு பக்கம் பிரதரன் சபைக்குப் போகும் நண்பர், "அந்த வரம் அப்போஸ்தலர்களோடு முடிந்துவிட்டது, இப்போது நடப்பது பிசாசின் வேலை" என்கிறார். யார் சொல்வது சரி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வரம் ஓய்ந்துவிட்டது என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. அது வராதவருக்குப் பரிசுத்த ஆவி இல்லை என்றும் வேதம் எங்கேயும் சொல்லவில்லை. ஏன் என்று சொல்ல கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

என் அம்மா அந்நியபாஷையில் ஜெபித்தவர். சி.எஸ்.ஐ. கோயிலில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருந்தவர்தான். ஒரு உபவாசக் கூட்டத்தில் அது அவருக்குக் கிடைத்தது. கோயிலில் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு, அடுப்புப் பற்றவைக்கும் முன், அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுக்களையிலேயே முழங்கால் போடுவார். பிள்ளைகள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லித் தமிழில் ஜெபிப்பார். கொஞ்ச நேரத்தில் தமிழ் நின்று, தாலாட்டுப் போலத் தணிந்த குரலில் வேறு ஏதோ ஒன்று வரும். நான் பாயில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். ஐந்து நிமிஷம் இருக்கும். மறுபடி தமிழுக்கு வந்து "ஆமென்" சொல்லிவிட்டு உலை வைக்கப் போய்விடுவார். ஒருமுறை கேட்டபோது, "அது எனக்கும் ஆண்டவருக்கும், நீ தூங்கு" என்றார்.

எனக்குப் பதினேழு வயதில் நடந்தது வேறு. நண்பன் கூட்டிப்போன ஒரு காத்திருப்புக் கூட்டம், ஆவியின் அபிஷேகத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் கூட்டம். இரவு பத்து மணிக்கு மேல் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேரை வரிசையாக முழங்காலில் நிற்கவைத்து, "அல்லேலூயா என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே இரு, நாக்கை விட்டுக்கொடு" என்றார்கள். ஒருவர் என் தாடையைப் பிடித்து அசைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் "பெற்றுக்கொண்டார்கள்". கடைசியில் மிஞ்சியது நானும் நடுவயதுள்ள ஒரு அக்காவும். முழங்கால் மரத்துப்போயிற்று. எல்லார் கண்ணும் எங்கள் மேல். முன்னால் நின்றவர் என்ன அசைகளைச் சொன்னாரோ, அதையே நானும் திருப்பிச் சொன்னேன். கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்த அக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆவியானவர் பேரில் பொய் சொல்லிவிட்டேன் என்ற பாரம் பல வருஷம் என்னை விடவில்லை. ஆவியானவரிடத்தில் பொய் சொல்லி விழுந்து செத்த அனனியா, சப்பீராள் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். அந்த இரவில் உண்மையாக இருந்தவர் அந்த அக்காதான். உங்கள் தங்கையின் கதையைப் படித்ததும் அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

சரி, அனுபவத்தை வைத்து உபதேசம் கட்டக் கூடாது. வேதத்துக்கு வருவோம்.

முதலில் வார்த்தையைப் பார்க்க வேண்டும். நாம் வாசிக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 2ல் "வெவ்வேறு பாஷைகளிலே" என்று இருக்கிறது. மாற்கு 16ல் "நவமான பாஷைகள்". 1 கொரிந்தியர் 14ல் "அந்நியபாஷை". கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் அடிப்படைச் சொல் ஒன்றுதான், குளோஸா. நாக்கு என்றும் அர்த்தம், மொழி என்றும் அர்த்தம். கொரிந்தியரில் "அந்நிய" என்பதற்கு மூலத்தில் தனிச்சொல் கிடையாது, மொழிபெயர்த்தவர்கள் சேர்த்தது. கத்தோலிக்கர்கள் வாசிக்கும் திருவிவிலியம் அதே இடத்தைப் "பரவசப் பேச்சு" என்று எழுதுகிறது. பாருங்கள், ஒரே சொல்லை ஒருவர் வேற்றுமொழி என்று கொள்கிறார், இன்னொருவர் பரவசம் என்று கொள்கிறார். தமிழில் வேதத்தைத் திறக்கும்போதே பாதி முடிவு நமக்காக எடுக்கப்பட்டுவிடுகிறது. பரவசம் என்ற சொல் எனக்குச் சரியாகப் படவில்லை. பரவசத்தில் இருப்பவரிடம் "அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பேசாமல் இரு" என்று பவுல் சொல்லியிருக்க முடியாது. அடக்கக்கூடிய ஒன்றைத்தான் அடக்கச் சொல்ல முடியும்.

எருசலேமில் நடந்ததும் கொரிந்துவில் நடந்ததும் ஒன்றா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சீஷர்கள்மேல் ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் பார்த்தரும் மேதரும் ஏலாமீத்தரும் தங்கள் தங்கள் மொழியிலேயே கேட்டார்கள், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. கொரிந்துவிலோ, "அந்நியபாஷையில் பேசுகிறவன் மனுஷரிடத்தில் பேசாமல், தேவனிடத்தில் பேசுகிறான்" என்கிறார் பவுல். அவன் பேசுவதை ஒருவனும் அறியான். அதற்கு அர்த்தம் சொல்லவே தனி வரம் வேண்டியிருந்தது. ஒரே வரம் இரண்டு விதமாக வெளிப்பட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நண்பர் பக்கத்து வாதத்தை இப்போது பார்க்கலாம். அவர்கள் முதலில் எடுப்பது 1 கொரிந்தியர் 13:8: "அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்." ஓயும், அதில் சந்தேகமில்லை. எப்போது? "நிறைவானது வரும்போது." நிறைவானது என்றால் புதிய ஏற்பாடு எழுதி முடிந்தது என்பார்கள். கி.பி. 55 வாக்கில் அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட கொரிந்து சபையில் ஒருவருக்காவது இருபத்தேழு புஸ்தகம் அடங்கிய ஒரு தொகுப்பு மனதில் வந்திருக்குமா? இரண்டு வசனம் தள்ளி பவுலே விளக்குகிறார்: "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்." முகமுகமாய் நாம் இன்னும் பார்க்கவில்லை. அது கிறிஸ்து வரும் நாளில். அந்த 13:8 வசனமே "அறிவானாலும் ஒழிந்துபோம்" என்றும் சொல்கிறது. அறிவு ஒழிந்துவிட்டது என்று யாரும் பிரசங்கிப்பதில்லையே!

இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் கிரேக்க இலக்கணத்தைக் கொண்டுவருவார்கள். தீர்க்கதரிசனத்துக்கு ஒரு வினைச்சொல், பாஷைகளுக்கு வேறு வினைச்சொல். இரண்டாவது "தானாகவே ஓய்ந்துபோகும்" என்ற வடிவத்தில் இருக்கிறது, ஆகவே பாஷைகள் முன்னதாகவே தானே அடங்கிவிடும் என்று. லூக்கா 8:24ஐ எடுத்துப் பாருங்கள். காற்றும் ஜலத்தின் கொந்தளிப்பும் அடங்கினது என்ற இடத்தில் அதே வினை, அதே வகை வடிவம். அலை தானாகவா அடங்கிற்று? ஆண்டவர் அதட்டினார், அடங்கிற்று. ஒரு வினைவடிவத்தின் மேல் இவ்வளவு பெரிய உபதேசத்தை ஏற்றிவைக்க முடியாது.

அவர்களுடைய பலமான வாதம் வேறு. அடையாளங்கள் அப்போஸ்தலருடைய செய்தியை உறுதிப்படுத்தக் கொடுக்கப்பட்டவை, எபிரெயர் 2:4 அப்படித்தான் சொல்கிறது, அஸ்திபாரம் போட்டு முடிந்தபின் மறுபடி போடுவதில்லை என்பது. இதை நான் மதிக்கிறேன். ஆனாலும் கொரிந்துவில் பாஷை பேசியவர்கள் அப்போஸ்தலர்கள் அல்ல, சாதாரண விசுவாசிகள். அங்கே அந்த வரத்தின் பயனாகப் பவுல் சொல்வது பக்திவிருத்தி: தனியே பேசினால் தனக்கு, அர்த்தம் சொல்லப்பட்டால் சபைக்கு. பக்திவிருத்தி இன்றைக்கும் தேவைதானே? எல்லாவற்றுக்கும் மேலே 14:39 கட்டளையாகவே நிற்கிறது: "அந்நியபாஷைகளைப் பேசுகிறதற்குத் தடைபண்ணாதிருங்கள்." இதை ரத்து செய்கிற வசனம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

சரித்திரம் என்ன சொல்கிறது? நேர்மையாகச் சொன்னால், இங்கே நண்பர் பக்கம் கொஞ்சம் கனமாகவே இருக்கிறது. 180 வாக்கில் லியோன் நகரத்துப் பேராயர் ஐரேனியு, ஆவியினாலே பலவித மொழிகளைப் பேசும் சகோதரர்களைப் பற்றி எழுதுகிறார். இருநூறு வருஷம் கழித்து, பேர்பெற்ற பிரசங்கியாரான யோவான் கிறிசோஸ்தோம் 1 கொரிந்தியரின் இந்தப் பகுதிக்குப் பிரசங்கம் செய்யும்போது, இது மிகவும் இருண்ட பகுதி, அன்று நடந்தவை இன்று நடப்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறார். வட ஆப்பிரிக்கப் பேராயர் அகுஸ்தீனும் பாஷைகள் அந்தக் காலத்துக்கு உரிய அடையாளம் என்றே சொன்னார். ஆனால் அற்புதங்கள் பற்றி அதேபோல் ஆரம்பத்தில் எழுதியவர், வயதான காலத்தில் தன் ஹிப்போ நகரத்திலேயே எழுபதை நெருங்கும் அளவுக்கு அற்புதங்கள் பதிவாகியிருப்பதாக எழுதினார். சபையில் ஒரு வரம் மங்கிப்போவது நடக்கக்கூடியதுதான். தேவன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

நண்பரிடம் நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒரு சரித்திரம் நம் மண்ணிலேயே இருக்கிறது. 1860ல், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டையை மையமாக வைத்து, ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் நடுவில் ஒரு எழுப்புதல் உண்டாயிற்று. திருநெல்வேலி மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். பிரதரன் இயக்கத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்த அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ் என்பவரோடு சேர்ந்து உழைத்தவர். மனம் கசந்து அழுது பாவங்களை அறிக்கையிட்டது, தீர்க்கதரிசனம், அறியாத பாஷைகளில் துதித்தது, அதற்கு அர்த்தம் சொன்னது, எல்லாம் அவர் எழுதிவைத்த குறிப்புகளில் இருக்கிறது. பெந்தெகொஸ்தே இயக்கத்தை உலகமெங்கும் பரப்பிய அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதல் 1906ல். அதற்கு 46 வருஷம் முன்னால், திருநெல்வேலிச் சீமையில், பிரதரன் வழியில் நின்ற ஒருவருடைய ஊழியத்தில் இது நடந்திருக்கிறது. "பிசாசு" என்று சொல்லுமுன் அருளப்பனையும் அதில் சேர்க்கிறாரா என்று அவர் யோசிக்க வேண்டும். அதே அலை திருவிதாங்கூருக்குப் போனபோது, ஜஸ்டஸ் ஜோசப் என்ற போதகரின் கூட்டம் 1881ல் கிறிஸ்து வருவார் என்று குறித்துச் சொல்லி ஏமாந்ததும் உண்மை. ஒரே எழுப்புதலுக்குள் கோதுமையும் இருந்தது, களையும் இருந்தது.

"பிசாசு" என்ற வார்த்தை பற்றி இன்னும் ஒன்று. அப்பம் கேட்கிற பிள்ளைக்குக் கல்லைக் கொடுக்கும் தகப்பன் உண்டா என்று கேட்டுவிட்டு, பரமபிதா கேட்கிறவர்களுக்குப் பரிசுத்த ஆவியைக் கொடுப்பது அதிக நிச்சயம் என்றார் ஆண்டவர். நாலு மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்காக முழங்கால் போட்ட என் அம்மாவுக்குத் தேவன் கல்லைக் கொடுத்தார் என்று என்னால் நம்ப முடியாது.

இனி மாமியார் பக்கம். அந்நியபாஷைதான் ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் அடையாளம் என்ற உபதேசத்துக்கு வயது அதிகமில்லை. 1901 ஜனவரி முதல் தேதி, கான்சாஸ் மாநிலத்து டொபீகாவில், சார்லஸ் பார்ஹாம் நடத்திய வேதாகமப் பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி பாஷை பேசினார். அங்கேதான் இந்த உபதேசம் உருவெடுத்தது. பார்ஹாம் இன்னொன்றும் நம்பினார்: மிஷனரிகள் இனி மொழி படிக்க வேண்டாம், போகிற தேசத்து மொழியை ஆவியானவரே தந்துவிடுவார் என்று. அந்த நம்பிக்கையோடு ஆல்பிரட் கார் என்பவரும் மனைவி லில்லியனும் அசூசா தெருவிலிருந்து கிளம்பிக் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். தாங்கள் பேசுவது வங்காளம் என்று நினைத்திருந்தார்கள். வங்காளிகளுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர்கள் ஊழியத்தை விட்டுவிடவும் இல்லை, பொய் சொல்லிச் சமாளிக்கவும் இல்லை. இது பிரசங்கிப்பதற்கான மொழி அல்ல, ஜெபிப்பதற்கானது என்று உபதேசத்தைத் திருத்திக்கொண்டார்கள். பெந்தெகொஸ்தே முன்னோடிகளிடம் எனக்குப் பிடித்த நேர்மை இது.

மொழியியல் ஆராய்ச்சியும் இதோடு ஒத்துப்போகிறது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்து வில்லியம் சமரின் பல நாட்டு விசுவாசிகள் பேசியதைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1972ல் வெளியிட்டார். அவர் கேட்டவற்றில் மனித மொழிக்குரிய இலக்கண அமைப்பு இல்லை. பேசுகிறவருடைய சொந்த மொழியில் இருக்கும் ஒலிகளே வேறு அடுக்கில் வருகின்றன. நம் கூட்டங்களில் கவனித்துக் கேட்டால், ஒரு சபையில் போதகர் பேசும் அசைகளையே பாதிப்பேர் பேசுவதும் காதில் விழும். அப்படியானால் எல்லாம் போலியா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். 2006ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ நியூபர்க் குழு, அந்நியபாஷை பேசும் ஐந்து பெண்களின் மூளையைப் படம் பிடித்தது. அவர்கள் பாட்டுப் பாடும்போது இருந்ததைவிட, பாஷை பேசும்போது மூளையின் முன்பகுதியில் செயல்பாடு குறைந்திருந்தது. ஐந்து பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் 14:14 நினைவுக்கு வராமல் போகாது: "என் ஆவி விண்ணப்பம்பண்ணுமேயன்றி, என் கருத்து பயனற்றதாயிருக்கும்." இந்தப் படங்கள் தேவனை நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வார்த்தை முடிந்துபோன இடத்தில் ஒரு மனுஷி அழுவதைப் போல, பெருமூச்சு விடுவதைப் போல, அசைகளால் ஜெபிக்கிறாள். ஆவியானவர் அதை எடுத்துக்கொள்கிறார். ரோமர் 8:26 சொல்லும் வாக்குக்கடங்காத பெருமூச்சோடு அதைச் சேர்த்துப் பார்ப்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

அப்படியானால் எல்லாருக்கும் வரவேண்டுமா? அப்போஸ்தலர் நடபடிகளில் 2, 10, 19 ஆகிய மூன்று அதிகாரங்களில் ஆவி இறங்கும்போது பாஷை வருகிறது. உண்மை. ஆனால் அதே இரண்டாம் அதிகாரத்தின் முடிவில் ஞானஸ்நானம் பெற்ற மூவாயிரம் பேர் பாஷை பேசியதாக எழுதப்படவில்லை. 4:31ல் எல்லாரும் ஆவியால் நிரப்பப்பட்டு, தேவவசனத்தைத் தைரியமாய்ச் சொன்னார்கள், அவ்வளவுதான். 8ம் அதிகாரத்தில் சமாரியாவில் ஆவியைப் பெற்ற இடத்திலும் பாஷை என்ற வார்த்தை இல்லை. 1 கொரிந்தியர் 12:30ல் பவுல் நேராகவே கேட்கிறார்: "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" கேள்வியின் கிரேக்க அமைப்பே "இல்லை" என்ற பதிலை எதிர்பார்க்கிறது.

இதற்கு மாமியார் பக்கத்தார் 14:5ஐக் காட்டுவார்கள்: "நீங்களெல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசும்படி விரும்புகிறேன்." இதே கடிதத்தில் 7:7ல், எல்லாரும் தன்னைப் போலவே இருக்கவேண்டும் என்றும் பவுல் விரும்புகிறார். அதாவது கல்யாணம் பண்ணாமல். அதை எந்தப் போதகரும் எல்லாருக்கும் சட்டமாக்கவில்லை. அதே வசனத்தின் பின்பாதியில், அவனவனுக்கு அவனவன் வரம் என்று பவுலே முடிக்கிறார்.

நடப்பைப் பார்த்தாலும் அப்படித்தான். பியூ ஆய்வு மையம் 2006ல் பத்து நாடுகளில் கேட்டபோது, அவற்றில் ஆறு நாடுகளில், பெந்தெகொஸ்தேக்காரர்களிலேயே பத்தில் நான்கு பேராவது தாங்கள் அந்நியபாஷை பேசியதே இல்லை என்றார்கள். உங்கள் தங்கை தனி ஆள் இல்லை. அவள் சபையிலேயே வெளியே சொல்லாமல் பலர் உட்கார்ந்திருப்பார்கள். பதினேழு வயதில் நான் செய்ததைச் செய்துவிட்டு, அதைச் சொல்லவும் முடியாமல் இருப்பவர்களும் இருப்பார்கள். அந்தப் பாரத்தை அவர்கள் மேல் வைத்தது ஆவியானவர் அல்ல. ரோமர் 8:9, கிறிஸ்துவின் ஆவியில்லாதவன் அவருடையவனல்ல என்கிறது. உங்கள் தங்கை அவருடையவள் என்றால், ஆவியானவர் அவளுக்குள் இருக்கிறார். மறைவான பாவத்தைத் தேடித் துருவவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

வரம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், பவுல் போட்ட ஒழுங்கு எந்தச் சபையில் நடக்கிறது? "இரண்டுபேர்மட்டில், அல்லது மிஞ்சினால் மூன்றுபேர்மட்டில்", அதுவும் ஒவ்வொருவராய், ஒருவர் அர்த்தம் சொல்ல. ஒலிபெருக்கி வைத்து ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுவதை அவர் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க வேண்டாம், 14:23ல் எழுதியே வைத்திருக்கிறார்: வெளியிலிருந்து வருகிறவன் உங்களைப் பைத்தியம்பிடித்தவர்கள் என்பான். எல்லாரைவிடவும் தான் அதிகமாய்ப் பாஷைகளைப் பேசுவதாகச் சொன்னவர், சபையில் பதினாயிரம் வார்த்தையைவிடப் புரிகிற ஐந்து வார்த்தையே போதும் என்றார். அர்த்தம் சொல்ல ஆள் இல்லாதபோது "தனக்கும் தேவனுக்கும் தெரியப்" பேசட்டும் என்றார். என் அம்மா கொரிந்தியர் வியாக்கியானம் எதுவும் படித்தவர் அல்ல. ஆனால் அடுக்களையில் அந்த வசனத்தின்படியே இருந்தார்.

தங்கைக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். காத்திருப்புக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போகட்டும், ஜெபிக்கட்டும். வரம் வேண்டும் என்று கேட்பதிலும் தப்பில்லை, கொடுப்பதும் கொடுக்காததும் அவர் சித்தம். யாராவது அசைகளைச் சொல்லிக்கொடுத்து "இப்படிச் சொல்லு" என்றால் மட்டும், அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். தாடையில் கை வைத்தால் எழுந்து வந்துவிடலாம். மாமியாரோடு வாக்குவாதம் வேண்டாம், அந்த அம்மாவும் மருமகளுக்கு நல்லது என்று நம்பித்தான் சொல்கிறார். ஒரு மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து 1 கொரிந்தியர் 12, 13, 14 மூன்று அதிகாரத்தையும் ஒரே இருப்பில் சத்தமாக வாசிக்கட்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகாது. 12:30 வந்ததும் தங்கை கொஞ்சம் நிறுத்தட்டும். பவுல் கேட்கும் அந்தக் கேள்விக்கு மாமியாரே பதில் சொல்லட்டும்.